எறும்பு என்று எழுதினேன்

மூச்சை விடக் கூடாது. விட்டால் இலை ஆடும், இலை ஆடினால் இந்தக் குப்பை நின்றுவிடும். கொய்யா இலையின் அடிப்பக்கத்தில் மிளகளவு குப்பை ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது. இடது கையால் காம்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் போனை அதன்மேல் இறக்கிக்கொண்டே வருகிறேன். லென்ஸுக்கும் இலைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. தெளிகிறது, மங்குகிறது, தெளிகிறது, இப்போது. எடுத்தாயிற்று. இன்னொன்று. குப்பைக்கு அடியில் அரிவாள் மாதிரி இரண்டு தாடைகள் தெரிகின்றன. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு இது. தான் உறிஞ்சிப் போட்ட மாவுப்பூச்சிகளின் தோலையும் பஞ்சையும் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு அலைகிறது. எறும்பு பார்த்தால் குப்பை என்று விட்டுவிடும். மாவுப்பூச்சி பார்த்தால் தங்களில் ஒன்று என்று பக்கத்தில் இடம் கொடுக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது ஒரு காலைப்பொழுது முழுக்க ஆச்சரியமாக இருந்தது, இன்று அப்படி இல்லை, இன்று அதன் தாடையை மட்டும் பார்க்கிறேன். மேற்கே மலை தெரியவில்லை, சாரல் வருமா வராதா என்று ஒரு வெளிச்சம். தென்காசியில் ஆனி மாதம் முழுக்க இப்படித்தான், ஒரு படம் பொன்னாக வரும், அடுத்தது சாம்பலாக வரும். ஈரத்தில் புடவை காலோடு ஒட்டுகிறது. உள்ளே முன்னறையில் அவர் இருமுகிற சத்தம் கேட்கிறது, அப்புறம் இருமல் நின்ற பிறகு இருக்கிற அமைதி கேட்கிறது. ஒரு மனிதர் பேப்பர் படிக்கிற அமைதிக்கும் போனைப் பார்க்கிற அமைதிக்கும் வித்தியாசம் உண்டு. பேப்பர் அவ்வப்போது சரசரக்கும். நான் இப்போது படத்தைப் பார்க்கப் போகிறவளைப் போல போனைத் திருப்புகிறேன், எனக்கு நானே ஏன் நடிக்க வேண்டும், இங்கே யாரும் இல்லை, இணையதளத்தைத் திறக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் நான் போட்ட படம் அப்படியே இருக்கிறது. வழிப்போக்கன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றும் சொல்லாமல் இருந்ததே இல்லை, அதுதான். இந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பூச்சியின் படத்தைப் போடலாம், இது இன்னது என்று பெயர் எழுதலாம், ஆனால் நாம் எழுதினால் மட்டும் அது பெயர் ஆகிவிடாது. முகம் தெரியாத இன்னொருவர் படத்தைப் பார்த்து ஆமாம், அதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் பச்சைக் குறி விழும். அந்துப்பூச்சி என்றால் எங்கெங்கோ இருக்கிற நிபுணர்கள் வந்து சொல்வார்கள், வண்ணத்துப்பூச்சி என்றால் பத்துப் பேர் முந்திக்கொண்டு வருவார்கள். என் தோட்டத்தில் அதிகம் இருப்பது அவை இரண்டும் இல்லை. நாவாய்ப்பூச்சி, இலைத்தத்தி, பொடி வண்டு, எறும்பு, குளவி என்று யாரும் திரும்பிப் பார்க்காத இனங்கள். அவற்றுக்கெல்லாம் வந்து ஒப்புக்கொள்வது ஒரே ஆள்தான். வழிப்போக்கன் என்று பெயர், படம் கிடையாது, ஊர் கிடையாது, தன்னுடையது என்று ஒரு கொசுவைக்கூட அந்த ஆள் போட்டதில்லை. நான் போடுகிறேன், ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வருவதற்குள் பச்சை விழுகிறது. இரண்டு வருஷமாக இப்படி. முதலில் சந்தோஷமாக இருந்தது, நானும் ஒரு ஆள் என்று இருந்தது. போன மாதம் ஒரு நாள், வேலிப்பக்கத்துத் தும்பைச் செடியில் ஒரு ஈயை எடுத்துவிட்டு, எனக்கே நிச்சயமில்லாமல் ஒரு பெயர் எழுதினேன், அதற்கும் பச்சை விழுந்தது, அப்போதுதான் உள்ளே ஏதோ ஒன்று திரும்பிப் படுத்தது. முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். யாரைப் பார்த்து யார் எழுதினாள் என்று கண்டுபிடிக்க விடைத்தாளில் சரியான விடைகளைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. சரியானதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பு செய்தால் ஒருத்தி தலையைத் திருப்பியிருக்கிறாள். அதனால் நேற்று ஒரு தப்பு வைத்தேன். மாமரத்தில் முசுறு எறும்புகளோடு முசுறாக நடமாடுகிற சிலந்தி ஒன்று உண்டு. அதே சிவப்பு, அதே இடுப்பு, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டிக்கொண்டு வரும். பார்க்கிறவர்கள் எறும்பு என்பார்கள். ஆனால் எனக்குத் தெரியும், படத்தில் எட்டுக் காலும் விழுந்திருந்தது. அதைப் போட்டு, முசுறு எறும்பு என்று எழுதினேன். எழுதும்போது விரல் கூசியது. கரும்பலகையில் வேண்டுமென்றே தப்பாகக் கூட்டி எழுதியதுபோல.

வழிப்போக்கன் வந்து ஆமாம் என்று சொல்லிவிட்டால் அது அவர். கோமதிநாயகம், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். தேனீக்கும் ஈக்கும் வித்தியாசம் தெரியாதவர், ஆறு கால் இருந்தாலும் அறுபது கால் இருந்தாலும் பூச்சி என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வருஷம் டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது. திரைக்கு இந்தப் பக்கம் கட்டிலில் நான் தூங்குகிறேன் என்று நினைத்துப் பேசினார்கள். ஏதாவது ஒன்றில் மனசு பிடித்தால் விட்டுவிடாதீர்கள், குறுக்கே பேசாதீர்கள், அதிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். இவர் சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர் என்றார். வீட்டுக்கு வந்த மாதமே மகள் செண்பா பெங்களூரிலிருந்து, போனில் மாட்டுகிற இந்த லென்ஸை அனுப்பினாள். நான் கேட்கவில்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சியை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான், அதை யார் அவளுக்குச் சொன்னார்கள். லென்ஸ் வந்து கொஞ்ச நாளில் வழிப்போக்கன் வந்தான். இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடுகிறது, மீதி இல்லாமல். ஆனால் வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் நோய் என்றும் அதே டாக்டர் சொன்னார். அந்த வருஷமும் இப்படித்தான் தொடங்கியது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண்கள் சிரித்தால் என்னைப் பார்த்து என்று, ஆசிரியர் அறையில் பேச்சு நின்றால் என்னைப் பற்றி என்று, எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது, அத்தனை அழகாகப் பொருந்தியது. சந்தேகம் வர ஆரம்பித்தால் உடனே வீட்டில் சொல்லிவிட வேண்டும் அம்மா, மறைக்கக் கூடாது என்றார். வீட்டில் என்றால் இவரிடம். உங்கள் மேல்தான் சந்தேகம் என்று இவரிடமே எப்படிச் சொல்வது. ராத்திரி மாத்திரை கொடுத்துவிட்டு, நான் கண்ணை மூடிய பிறகு இவர் அட்டையை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மிச்சம் எத்தனை என்று எண்ணுவார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். நான் ஒன்றையும் ஒளித்ததில்லை. இமைக்கு நடுவே அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். மாத்திரை நின்று ஒரு வருஷம் ஆகிறது, இன்னமும் அவர் உதடு அசைந்தால் என் கண் அங்கே போய்விடுகிறது. ஆக, பச்சை விழுந்தால் நான் இன்னும் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன், திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு எனக்கு ஆமாம் போடுகிறார்கள், இந்தத் தோட்டமே ஒரு ஆஸ்பத்திரி. விழாவிட்டால், அவர் மேல் காரணமில்லாமல் சந்தேகப்பட்டிருக்கிறேன், அது திரும்ப வருகிறது. இரண்டில் எது தேவலை. இதற்குள் ஜாஸ்பர் சாருக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். கல்லூரியில் விலங்கியல் எடுப்பவர், என் படங்களைத் தளத்தில் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சிகளைப் பற்றிப் படப்புத்தகம் போடுகிறாராம், படமும் பெயரும் முழுக்க என்னுடையதாம். பெயரை யாராவது சரிபார்க்க வேண்டாமா சார் என்றேன். நான் மீன் ஆளு டீச்சர், எனக்குப் பூச்சி தெரியாது, அதான் பச்சை விழுந்திருக்கே, அது போதும் என்று சிரித்தார். இன்றைக்கு மத்தியானத்துக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டுமாம், போன் செய்வார். எத்தனை பிள்ளைகள் படிப்பார்கள். ஒருவர் மனைவியின் மேல் இரக்கப்பட்டு ஒப்புக்கொண்ட பெயர்களை எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். தாகம் இல்லை. முன்னறையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர் போனில் குனிந்திருந்தார், கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. கிட்டத்துப் பார்வைக்கு அவர் கண்ணாடியை மாட்ட மாட்டார், ஏற்றித்தான் விடுவார். என் காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கவில்லை, போனை மட்டும் தொடையில் கவிழ்த்தார். அது போதும் எனக்கு. பிட்டுக் காகிதத்தை மறைக்கிற பிள்ளையும் முதலில் தலையைத் தூக்காது. எடுத்தாச்சா அட்டெண்டன்ஸ், என்றார். தினமும் கேட்பதுதான். பாதிப்பேரு லீவு, மழைக்கோளாறு, என்று நானும் தினமும் சொல்வதுபோல ஒன்றைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். யாரு போன்ல என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல. குரூப்புல ஒருத்தன், காலையிலேயே ரோஜாப்பூ போட்டு வணக்கம்ங்கான், வேற வேலை இல்ல அவனுக்கு, என்றார். ரோஜாப்பூவுக்கு எதற்குக் கவிழ்க்க வேண்டும். கேட்டால் அவர் என் முகத்தைப் பார்ப்பார், அந்த வருஷம் பார்த்த பார்வையை எடுத்துவந்து பார்ப்பார், பிறகு சாயங்காலம் மாடிக்குப் போய் செண்பாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அடுக்களையில் தம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன். லென்ஸ் டப்பா அலமாரியில் இருக்கிறது, காலையில் எடுக்கும்போதே பார்த்தேன், அதற்குள் துடைக்கிற துணி நாலாக மடித்திருந்தது, விளிம்போடு விளிம்பு சேர்த்து. நான் மடிப்பதே இல்லை, சுருட்டித் திணிப்பேன். கைக்குட்டையிலிருந்து மின்கட்டண ரசீது வரை இந்த வீட்டில் நாலாக மடிக்கிற ஆள் ஒருவர்தான். என் லென்ஸில் அவருக்கு என்ன வேலை. நான் எதை எடுக்கிறேன் என்று பார்க்கவா, எடுக்கிறேனா என்று பார்க்கவா. இல்லை, துணி விழுந்து கிடந்திருக்கும், எடுத்து மடித்து வைத்திருப்பார், மனிதர்கள் வீட்டில் விழுந்த துணியை மடித்து வைப்பார்கள், உலகம்மா, அதற்கெல்லாம் அர்த்தம் கிடையாது. எனக்கு நானே இப்படிப் பெயர் சொல்லிப் பேசுவது நல்லதா கெட்டதா, டாக்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இங்கரு, முருங்கைக் கீரை ஒடிச்சுப் போட்டிருக்கேன், பொரியலுக்கு ஆகும், நானே ஆஞ்சு வைக்கட்டா, என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. சரி என்றேன். முன்பெல்லாம் இவர் கீரை ஆய்ந்ததில்லை.

மாமரத்தடிக்கு வந்துவிட்டேன். முசுறுகள் வரிசையாகக் கிளையில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இரண்டு இலையை இழுத்துவைத்துக் கூடு தைக்கின்றன, ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்குகின்றன. அதற்குக் கொஞ்சம் தள்ளி, வரிசைக்குள் வராமல், வரிசையை விட்டும் போகாமல், அது நிற்கிறது. நேற்று எடுத்த அதே சிலந்தியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் முசுறு கடிக்கும் என்று பயந்து கையை உதறினேன், உதறியதில் எல்லா எறும்பும் விழுந்துவிட்டது, ஒன்று மட்டும் விழாமல் என் விரலிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டு நின்றது. எறும்பு நூல் விடாது. எண்ணினேன், எட்டு. அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, இவரிடம்தான் ஓடினேன். விரலை நீட்டினேன், பார்த்தார், எறும்புதானே என்றார். இல்லை, எண்ணிப் பாருங்க என்றேன். கண்ணு பிடிபடல என்று சொல்லி பேப்பருக்குத் திரும்பிவிட்டார். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன், இவருக்கு இது எறும்பு, அதை இவர் வாயால் சொல்லியிருக்கிறார். சிலந்தி முன்கால்களைத் தூக்கி ஆட்டுகிறது. யாருக்காக ஆட்டுகிறது, எறும்புகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒருவேளை அவற்றுக்குத் தெரியும், தெரிந்தே விட்டுவைத்திருக்கின்றன, பாவம், எறும்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, குறுக்கே பேச வேண்டாம், அதிலேயே இருக்கட்டும் என்று. சீ, என்ன நினைப்பு இது. போனைக் கிட்டே கொண்டுபோகிறேன், தெளியவில்லை, மங்கல், மங்கல், அப்போது போன் என் உள்ளங்கையில் அதிர்ந்தது. சிலந்தி இலைக்கு அடியில் போய்விட்டது. தளத்திலிருந்து. வழிப்போக்கன். ஒரு நிமிஷம் நான் திறக்கவே இல்லை. மேலே கூடு தைக்கிற எறும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது பச்சையாக இருக்கட்டும் என்று ஒரு மனசு, அப்படியானால் என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. பச்சையாக இருக்க வேண்டாம் என்று இன்னொரு மனசு. திறந்தேன். பச்சை இல்லை. கீழே எழுதியிருந்தது: ‘இது எறும்பு அல்ல, சிலந்தி. உணர்கொம்பு போலத் தெரிவது முன்னங்கால். எண்ணிப் பாருங்கள்.’

எண்ணிப் பாருங்கள். முதலில் சிரிப்பு வந்தது, மாமரத்தடியில் தனியாக நின்று சிரித்தேன், சத்தம் வராமல். அப்படியென்றால் அது வேறு யாரோ, எங்கேயோ இருக்கிற ஒருவர். என்னைத் தெரியாது, என் மாத்திரைகளைத் தெரியாது, நான் தப்பாக எழுதினால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர். இரண்டு வருஷமாக ஒப்புக்கொண்டதெல்லாம் பார்த்து ஒப்புக்கொண்டதுதான். தும்பைச்செடி ஈயும் சரிதான் போல. சந்தோஷம் மேலிருந்து கீழே இறங்கி முழங்கால்வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. அப்படியானால் இவர் மேல் நான் பட்ட சந்தேகம். ஒரு மாதமாக இவர் இருமலை, பேப்பரின் சரசரப்பை, துணியின் மடிப்பை உட்கார்ந்து எடைபோட்டேனே, அதற்கு என்ன பெயர், அதற்கு யார் வந்து பச்சை போடுவது. ராத்திரி கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுப் படுத்த பிறகு மறுபடியும் எழுந்து போய்ப் பார்ப்பதுபோல, எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னும் ஒன்று, அதை நினைக்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. இந்த இரண்டு வருஷம் ஒருவர் உட்கார்ந்து என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது, ராத்திரிகளில் அங்கே எனக்காக ஒருவர் இருந்தார். இப்போது அந்த இடத்தில் ஆள் இல்லை. ஜாஸ்பர் சார் கூப்பிட்டார். என்ன டீச்சர், அச்சகத்துக்காரன் வாசல்லயே நிக்கான், என்ன சொல்லட்டும் என்றார். போட்டுக்கிடுங்க சார் என்றேன். என் குரல் எனக்கே வகுப்பில் கேட்கிற குரல்போல இருந்தது. நேத்து போட்ட படத்தையும் சேர்த்திருந்தீங்கன்னா, அதுல மட்டும் நான் தப்பா எழுதிட்டேன், முசுறுன்னு இருக்கும், அது சிலந்தி, மாத்திருங்க, என்றேன். அப்படியா, எறும்பு மாதிரியேல்லா இருக்கு, யாரு கண்டுபிடிச்சா என்றார். ஒருத்தர் சொன்னாரு என்றேன். தளத்தில் நான் எழுதிய பெயரையும் நீக்கிவிட்டுச் சரியானதை எழுதினேன், சாரல் திரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே போனேன். அடுக்களை மேசையில் பேப்பரை விரித்து முருங்கைக் கீரையை அவர் ஆய்ந்துகொண்டிருந்தார், ஈர்க்கு ஒருபக்கம், இலை ஒருபக்கம். போன் பேப்பருக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. மழையா என்றார். தூறல்தான் என்றேன். இன்றைக்குச் சொல்லிவிடலாமா, உங்கள் மேல் சந்தேகப்பட்டேன் என்று, திரும்ப டாக்டரிடம் போவோமா என்று, அதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஜன்னல் ஓரம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அவருடைய நரைத்த தலை குனிந்திருந்தது. கீரைக் கொத்துக்குள்ளிருந்து சிவப்பாக ஒன்று வெளியே வந்து அவர் கட்டைவிரலில் ஏறியது. உதறப் போகிறார் என்று நினைத்தேன், முசுறு கடித்தால் சுரீர் என்று இருக்கும். அவர் உதறவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், அது ஓடஓட விரலைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். சத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கை பாதியில் தவறிவிட்டது போலிருக்கிறது, நின்றது, மறுபடியும் முதலிலிருந்து அசைந்தது. அது எறும்பா மற்றதா என்று நான் நிற்கிற இடத்திலிருந்து தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திராது. வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னலை நான் மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கொஞ்சம் தள்ளி நின்றேன்.